மூல்க்குக்கு ஒரு விகுதி

நாயகன் வாயில் சொல்லை அளந்துதான் ஊற்ற வேண்டும்.
உதடு ஒட்டும் இடத்தில் ஒரு ப, ஒரு ம
விழவில்லை என்றால் சென்னையிலிருந்து போன் வரும்.
மூல்க்கோடு அந்தத் தொல்லை இல்லை.
உதடே கிடையாது.
கழுத்தோரம் ஆறு செவுள், அதிலிருந்து ஒரு சத்தம்,
அடிகுழாயில் காற்று ஏறினால் வருமே, அது.
எவ்வளவு நீளமாகவும் எழுதலாம்.

திருத்துறைப்பூண்டியில் ஒரு மாடியறை.
கரண்ட் போனால் மடிக்கணினி இரண்டு மணி நேரம் தாங்கும்.
நான்கு பாகங்களுக்கும் மூல்க்கின் தமிழ் என்னுடையது.
கடைசியில் ஓடும் பெயர்களில் தேடாதீர்கள்.

முதல் பாகத்தில்
"மூல்க் வந்துவிட்டது, சுடு" என்று எழுதினேன்.
யோசிக்கவே இல்லை.
ஆங்கிலத்தில் மந்தைக்கும் மனிதருக்கும் ஒரே சொல் போதும்.
தமிழில் வினையின் வாலில்
யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும்,
ஆனா, ஆளா, அதுவா.
வந்தது. விழுந்தது. எரிந்தது.
நாற்பத்தொரு 'து'. பிறகுதான் எண்ணினேன்.

இரண்டாம் பாகத்தில் தெரிகிறது,
அவற்றின் கோள் காய்ந்துபோயிற்று.
சேறு கண்ட இடத்தில் மண்டியிட்டுச் செவுளை நனைக்கின்றன.
முட்டி பின்பக்கமாக மடிகிறது.
அப்போதும் 'நனைத்தது'.
பொம்மை விற்கிற நேரம், எதையும் மாற்றவேண்டாம்
என்றார் பிரணவ், ஒருங்கிணைப்பாளர்.

மூன்றாம் பாகத்தை இங்கேயே பார்த்தேன்.
ஐப்பசி மழை. வசனத்தில் பாதியைத் தகரக்கூரை தின்றது.
பின்வரிசையில், வேலை நின்றுபோன நடவு ஆட்கள்.
திரையில் ஒரு மூல்க் குண்டடி பட்டு
வயிற்றைக் கையால் மறைத்தபடி சரிகிறது.
"அது செத்துவிடும், விடு." தளபதியின் வாய், என் வசனம்.
பின்னாலிருந்து கடலை மெல்லும் ஒரு குரல்:
"அடப்பாவி, அவ புள்ளத்தாச்சிடா."

யாரும் சிரிக்கவில்லை.
திரும்பிப் பார்த்தேன், இருட்டு.
என் வரியைத் திருத்திவிட்டு
அவள் அடுத்த கடலையை உடைத்தாள்.

என் அப்பாவின் தாத்தா
ஒரு பண்ணைக் கணக்கில் இருக்கிறார்.
நகல் என்னிடம் உண்டு:
உழவு மாடு எட்டு ஜோடி. பண்ணையாள் பன்னிரண்டு உருப்படி.
பன்னிரண்டில் எது அவர் என்று
அந்தக் காகிதத்தைக் கேட்க முடியாது.

நான்காம் பாகத்தில் 'வந்தார்கள்' என்று எழுதி அனுப்பினேன்.
"என்ன மேடம், அதுக்குப் போய் மரியாதையா?"
மரியாதை இல்லை சார், இலக்கணம்.
"மூணு படமா அதுதானே?"
ஆமாம், மூணு படமா தப்பு.
ஒரு வாரம் இழுத்தோம். அறுபத்திரண்டாம் நிமிடம் வரை
அவர்கள் கேட்டபடி. அதன்பின் நான் கேட்டபடி.

குட்டி மூல்க்கை மட்டும் 'அது'வாகவே விட்டேன்.
தூங்கிடுச்சு, பால் குடிச்சிடுச்சு.
குழந்தை என்றால் நாமும் அப்படித்தான்.

ஆனி மாதம், ராத்திரி பத்தரை.
கோப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, பதினாறு விழுக்காடு.
கீழே வாய்க்கால் மதகில் லஸ்கர் முருகையன்
போனில் மேலதிகாரிக்குச் சொல்கிறார்:
"வந்துட்டா சார். இப்பத்தான். நொரையோட வந்துட்டா."
அங்கிருந்து யாரும்
யார் வந்தது என்று கேட்ட மாதிரி தெரியவில்லை.

டார்ச் வெளிச்சத்தில்
செருப்பு ஒன்றையும் காய்ந்த ஆகாயத்தாமரையையும்
தள்ளிக்கொண்டு வருகிறாள்.
வெடித்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்க இறங்க
அடைபட்டிருந்த காற்று வெளியே வருகிறது,
இங்கே ஒன்று, அங்கே ஒன்று,
செவுள் செவுளாக.